பத்தொன்பது நிமிடம் பேசாதிருந்தோம்: லண்டனில் ஓர் அணுக்கடிகாரப் பயணம்

லண்டனுக்கு வருகிறவர்கள் கடிகாரம் பார்ப்பதென்றால் ஆற்றங்கரைக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் கிரீனிச்சுக்குப் போய்த் தரையில் பதித்த கோட்டின் இரண்டு பக்கமும் காலை வைத்து நிற்பார்கள். இரண்டையும் நானும் செய்து முடித்தவன்தான். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் நாற்பத்தொரு பேர் பார்க்கப் போனது வேறு வகைக் கடிகாரம். அதற்கு முள்ளும் இல்லை, முகமும் இல்லை. அதைச் செய்கிறவர்களில் ஒருத்தி என் மனைவியின் தங்கை ஜசிந்தா.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, இங்கே படிக்க வந்து, அப்படியே தங்கிவிட்ட கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். தெற்கு லண்டன் சட்டனில் வீடு. ரயில்களுக்கு நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் வேலை. அரை நிமிடத்துக்காகப் பக்கத்து மேசைக்காரனோடு மல்லுக்கு நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மனைவி பிலோமினா மன்னார்க்காரி. மனைவியின் தங்கையை எங்கள் ஊரில் கொழுந்தியாள் என்போம், மன்னாரில் மச்சாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் நான் முழுதாக மன்னார்க் கட்சிக்குத் தாவிவிட்டேன். எனவே இந்தப் பதிவில் ஜசிந்தா என் மச்சாள்.

அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடம் கிங்ஸ்டனைத் தாண்டி இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம், எழுதினால் யார் யாரிடமோ அனுமதி கேட்க வேண்டும் என்றாள், எழுதவில்லை. பொதுமக்கள் உள்ளே வந்து பார்க்க எப்போதாவது ஒருநாள் திறந்துவிடுவார்கள். இந்தத் தடவை, தமிழில் ஒரு சுற்று நடத்துகிறேன் என்று ஜசிந்தா கேட்டிருக்கிறாள். முப்பது பேருக்குக் குறையாமல் வந்தால் சரி என்று மேலே சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் அவள் இன்னொன்றும் கேட்டாள்: ஏற்கெனவே பதிவு செய்த வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டாமல், கடிகாரத்தை அந்த நேரத்தில் ஓடவிட்டே காட்ட வேண்டும். அவளுடைய பிரிவுத் தலைவர், அவர் ஒரு வெள்ளைக்காரர், வேண்டாமே என்றாராம். நேரடியாகக் காட்டும்போது சரிவராவிட்டால் அடுத்த தடவை தமிழும் இருக்காது, நேரடியும் இருக்காது என்பது அவர் நிபந்தனை.

"பதிஞ்சதைக் காட்டினா எங்கட ஆக்கள், இது யூடியூபில வாறதுதானே எண்டுவினம், அத்தான்," என்றாள் போனில். "நான் என்ன செய்யிறன் எண்டு ஒருக்கா அவை கண்ணால பாக்கோணும்."

குறிப்பாக யாருடைய கண் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அவளுடைய அம்மா, அதாவது என் மாமி திரேசம்மா. தோர்ண்டன் ஹீத் கத்தோலிக்கப் பங்கில் பாடகர் குழுவை நடத்துகிறவர். வயது அறுபத்தெட்டு. ஒலிபெருக்கி என்ற சாதனம் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. மகள் முனைவர் பட்டம் வாங்கி எட்டு வருடமாகியும், பிள்ளை என்ன வேலை செய்கிறாள் என்று கோயிலில் யாராவது கேட்டால் மாமி பேச்சை மாற்றிவிடுவார். வெட்கத்தால் அல்ல. சொல்லத் தெரியாததால்.

பயணத்துக்கு வருவோம். பங்கு மக்கள் மாதா திருத்தலங்களுக்குக் கோச் பிடித்துப் போய்ப் பழகியவர்கள். அதே கோச், அதே ஏற்பாடு. ஆளுக்குப் பன்னிரண்டு பவுண்டு, பகல் சாப்பாடு உட்பட. புறப்பாடு எட்டே முக்காலுக்கு. ஆனால் ஏழே முக்கால் என்றுதான் வாட்ஸ்அப்பில் போடுவார்கள். அது ஒரு மணி நேரம் முந்திச் சொன்னது என்பது எல்லோருக்கும் தெரியும், எனவே எல்லோரும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார்கள். இதெல்லாம் தெரிந்தும், தொழில் புத்தி விடாமல், 7.40க்குக் கோயில் வாசலில் நின்ற ஒரே ஆள் நான்தான். பிலோமினா காருக்குள் தூங்கினாள்.

கோச் ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். வாரநாட்களில் சிவப்புப் பேருந்து ஓட்டுகிறவர்.

"எட்டே முக்கால் எண்டா ஒம்பதுக்கு எடுப்பம், தம்பி," என்றார். "கிழமையில பஸ் கொன்ட்ரோல் ரூமுக்குப் பதில் சொல்லோணும். சனிக்கிழமையில உங்கட ஆக்களுக்குப் பதில் சொல்லோணும். கொன்ட்ரோல் பரவாயில்லை."

9.07க்கு எடுத்தார். மிட்சம், கிங்ஸ்டன் வழியாகப் பதின்மூன்று மைல் சொச்சம். சனிக்கிழமைக் காலையில் ஐம்பது நிமிடம் போதும். நியூ மால்டன் அருகே தெருவைக் கிண்டி வைத்திருந்ததால் எங்களுக்கு ஒரு மணி இருபது நிமிடம் பிடித்தது. அதற்குள் ஒரு செபமாலை, மூன்று பாட்டு, ஒரு பெட்டி மீன் பற்றிஸ் பலகாரம் எல்லாம் முடிந்தன. மாமி முன் இருக்கையில் உட்கார்ந்து பாட்டை எடுத்துக் கொடுப்பார், பின்னாலிருந்து ஆண்கள் கீழ்க்குரலில் சேர்வார்கள். யாராவது ஒருவர் பாடத் தொடங்கினால் அவரைத் தனியே பாட விடுவது அவமரியாதை என்று நினைக்கும் கூட்டம் இது. மலேசியாவில் வளர்ந்த எனக்கே இப்போது நாலு மாதா பாட்டு மனப்பாடம்.

10.27க்கு இறங்கினோம். வாசலில் பெயர்ப்பட்டியல், கழுத்தில் மாட்ட அட்டை, பைகளை வைக்க ஒரு அறை. எங்கள் சுற்று 11.20 முதல் 12.00 வரை. ஜசிந்தா வெள்ளைச் சட்டையும் சப்பாத்துமாக வந்து, எங்களை ஒரு சிறிய மண்டபத்தில் நிறுத்தி, ஆளுக்கொரு இரண்டு பென்ஸ் நாணயம் கொடுத்தாள். எண்ணுகிற வேலை எனக்கு. மீதி நாற்பது பேர் கையிலும் நாணயம்.

"எல்லாரும் சுண்டுங்கோ. தலை விழுந்தாக்கள் கையைத் தூக்குங்கோ."

இருபத்துமூன்று கைகள். அடுத்த தடவை பதினேழு. பிறகு இருபத்தொன்று. பிறகு பதினெட்டு.

அவள் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன். பழைய கடிகாரத்தில் ஊசல் ஆடும். இவர்கள் கடிகாரத்தில் ஆடுவது லேசர் ஒளி. அந்த ஒளி சரியான வேகத்தில் துடிக்கிறதா என்று அணுக்களிடம் கேட்கிறார்கள். உலகத்தில் எங்கே எடுத்தாலும் ஸ்ட்ரோன்சியம் அணு ஒரே மாதிரிதான், எனவே அது பொய் சொல்லாது. ஆனால் அதனிடம் ஒரு கோளாறு: ஒவ்வொரு அணுவும் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான் சொல்லும், அதுவும் நாணயம் சுண்டியது போல. லேசர் மிகச் சரியாக இருந்தால் பாதி அணுக்கள் ஆம் சொல்ல வேண்டும். இருபது வர வேண்டிய இடத்தில் இருபத்துமூன்றும் பதினேழும் வந்தால், தவறியது லேசரா, இல்லை சும்மா சுண்டலில் வந்த வித்தியாசமா என்று தெரியாது. இந்தத் தடுமாற்றத்தைப் பாதியாக்க அணுக்களை நாலு மடங்காக்க வேண்டும், அல்லது நாலு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். நேர அட்டவணைக்காரனாகச் சொல்கிறேன், இது மிக மோசமான பேரம்.

"இப்ப சோடி சோடியா நில்லுங்கோ," என்றாள். "ஒராள் மட்டும் சுண்டுங்கோ. அவருக்குத் தலை எண்டா மற்றவர் பூ. அவருக்குப் பூ எண்டா மற்றவர் தலை. புருசன் ஓம் எண்டா மனிசி இல்லை எண்டோணும்."

"அது வீட்டில நடக்கிறதுதானே, பிள்ளை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மரியநாயகம் அண்ணை. அவருடைய மனைவி அவர் முழங்கையில் கிள்ளியதும் தெரிந்தது.

நான் எண்ணினேன். இருபது. மறுபடி இருபது. மூன்றாம் தடவையும் இருபது. ஒவ்வொருவர் கையிலும் என்ன விழும் என்று இப்போதும் யாருக்கும் தெரியாது. கூட்டுத்தொகை மட்டும் அசையவில்லை.

"இதைத்தான் நாங்கள் அணுவில செய்யிறம். என்ராங்கிள்மென்ட். நான் தமிழில பின்னல் எண்டுறன். ஒளியை வைச்சு அணுக்களை ஒண்டோடொண்டு பின்னி விட்டா, ஒண்டு ஒரு பக்கம் சரிஞ்சா மற்றது மற்றப் பக்கம் சரியும். தனித்தனியாத் தடுமாறும், சேர்த்துப் பாத்தா தடுமாற்றம் குறைவு."

மாமி கையைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. என்ன கேட்கப் போகிறாரோ என்று எனக்குப் பயம்.

"அப்ப அதுகள் முதலே கதைச்சு வைச்சுக்கொண்டு வாறதோ, எங்களை மாதிரி?"

ஜசிந்தா தாயின் பக்கம் திரும்பினாள்.

"இல்லை, அம்மா. அதுதான் இதில அதிசயம். நீங்கள் முதலே பேசி வைச்சனீங்கள். அணுக்கள் ஒண்டும் பேசி வைக்கேல்லை. கேக்கும்வரைக்கும் அதுகளிட்ட பதிலே இல்லை. கேட்டாப் பிறகும் கதைக்கிறேல்லை. ஆனாலும் பதில் பொருந்தும். இந்தக் கேள்வியை எனக்கு முதல் வருசத்தில கேக்கத் தெரியேல்லை."

இத்தோடு நிறுத்தியிருந்தாலே எனக்குப் பன்னிரண்டு பவுண்டு செரித்திருக்கும். ஆனால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமே. 11.35க்கு நாங்கள் ஒரு நீண்ட அறைக்குப் போனோம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் புறம் பெரிய இரும்பு மேசை, அதன்மேல் நூற்றுக்கணக்கான சிறு ஆடிகள், வயர்க்காடு, நடுவில் ஜன்னல் வைத்த ஓர் உலோகக் குடுவை. குடுவைக்குள் மிதக்கும் நீலப் புள்ளிதான் அணுக்கள். கடுகளவு. சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தேன். சுவரில் ஒரு திரை, அதில் இரண்டு பட்டைகள் இடமிருந்து வலமாக ஊர்ந்தன. பின்னாத அணுக்களின் தடுமாற்றம் நீலம், பின்னிய அணுக்களின் தடுமாற்றம் செம்மஞ்சள். நேரம் போகப் போக இரண்டில் எது ஒடுங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிரிவுத் தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு கடைசியில் வந்து நின்றார்.

உள் அறைக்குப் போகும் கதவு இன்னும் முழுதாகச் சாத்தப்படவில்லை. ஜசிந்தா அந்தப் பக்கம் போய்த் தன்னோடு வேலை செய்யும் ஒரு பையனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது நடந்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

மாமி சிலுவை அடையாளம் போட்டார். மகள் பெரிய வேலை தொடங்கப் போகிறாள். நல்ல காரியத்தைச் செபம் சொல்லாமல் தொடங்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கண்ணை மூடி, மாதா பாட்டொன்றை எடுத்தார். முதல் அடி முடியும் முன்பே முப்பத்தொன்பது பேரும் சேர்ந்துவிட்டார்கள், நானும்தான், கீழ்க்குரல் ஆண்கள் சுவர் அதிரும்படி.

திரையில் இரண்டு பட்டைகளும் துள்ளின. மேலே எகிறி, கீழே விழுந்து, மறைந்தன. கதவுக்கு மேல் பச்சை விளக்கு சிவப்பானது.

"அம்மா! நிப்பாட்டுங்கோ!"

ஜசிந்தா தாயைப் பார்த்துச் சத்தம் போட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாட்டு நடு அடியில் அறுந்தது. நேரம் 11.37.

அவள் வேகமாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் விளங்கியது. லேசரை நேராக வைத்திருப்பது இரண்டு ஆடிகள். அவற்றுக்கு இடையிலான தூரம் ஓர் அணுவின் அகலத்தில் மிகச் சிறிய பங்கு மாறினாலும் ஒளி வழி தவறும். கதவு திறந்திருந்ததால் எங்கள் பாட்டு அந்த ஆடிகளை அசைத்துவிட்டது. மறுபடி பிடித்து நிறுத்த ஏழு நிமிடம். அதன்பின் பட்டைகள் பிரிந்து தெரியப் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு மணிக்கு அடுத்த குழு வரும்.

"கதவைச் சாத்துறம். சாத்தினாலும் நீங்கள் நிக்கிற நிலம் அந்த மேசைக்குப் பக்கத்தில. கதைக்க ஏலாது, நடக்க ஏலாது, காலை மாத்தி வைக்கவும் ஏலாது. ஏலுமோ?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் 11.56. நாற்பது மன்னார்த் தமிழர்கள் பத்தொன்பது நிமிடம் பேசாமலிருக்க வேண்டும். எந்த அட்டவணையிலும் நான் இப்படி ஒன்றை நம்பிப் போட்டதில்லை.

"ஏலும்," என்றார் மாமி. அதுதான் கடைசிச் சொல்.

நின்றோம். கைபேசிகள் அணைந்தன. ஒரு பெண் தன் வளையல்களை மறு கையால் பொத்திக்கொண்டாள், சத்தம் வராமல். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள், பிறகு அடுத்தவள். ஒரு நிமிடத்தில் வரிசை முழுக்கப் பெண்கள் தம் கையைத் தாமே பிடித்தபடி நின்றார்கள். மரியநாயகம் அண்ணைக்கு ஆறாவது நிமிடத்தில் இருமல் வந்தது. கைக்குட்டையை வாய்க்குள் திணித்து, கண்ணில் நீர் வழிய, முகம் கத்தரிக்காய் நிறமாகும்வரை அடக்கினார். அவர் மனைவி மெல்ல அவர் முதுகில் கை வைத்தார், தட்டவில்லை. நான் மாமியைப் பார்க்கத் துணியவில்லை.

11.44க்குப் பச்சை விளக்கு வந்தது. பட்டைகள் மறுபடி ஊரத் தொடங்கின. இரண்டும் ஒரே அகலம். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், ஒரே அகலம். பேச முடியாத ஜசிந்தா ஒரு வெள்ளைப் பலகையைக் கண்ணாடிக்கு அந்தப் புறம் தூக்கிக் காட்டினாள். "பொறுங்கோ" என்று எழுதியிருந்தது. 11.50. செம்மஞ்சள் கொஞ்சம் மெலிந்ததா, இல்லை என் ஆசையா? 11.53க்குச் சந்தேகம் போய்விட்டது. நீலத்துக்குள் செம்மஞ்சள் தெளிவாக ஒடுங்கி ஓடியது. பெரிய வித்தியாசம் இல்லை. விரல் நகத்தளவு இருக்கும். ஆனால் இருந்தது, எங்கள் எல்லோர் கண்முன்னும் இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. தட்டக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 11.56க்கு ஜசிந்தா வெளியே வந்து, "இனிக் கதைக்கலாம்," என்றாள். பெண்கள் வளையல்களை விட்டார்கள், மரியநாயகம் அண்ணை ஒருவழியாக இருமினார். நான் திரையையே இன்னொரு தடவை பார்த்தேன். பெருமைதான், வேறென்ன.

பிரிவுத் தலைவர் மாமியிடம் வந்தார். மாமி "சொறி, சேர்" என்று தொடங்க, அவர் தலையை ஆட்டிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன்: இந்த அறையில் இவ்வளவு அமைதியாக ஒரு கூட்டம் நின்று தான் பார்த்ததில்லையாம், தன்னுடைய ஆட்கள் உட்பட. அடுத்த தடவையும் தமிழ்ச் சுற்று வைக்கலாம், நேரடியாகவே வைக்கலாம் என்றார்.

பகல் சாப்பாட்டைப் பின்பக்கப் புல்வெளியில் சாப்பிட்டோம். சோறு, கணவாய்க் கறி, பருப்பு. இதனால் மனிதருக்கு என்ன பலன் என்று மரியநாயகம் அண்ணை ஜசிந்தாவைக் கேட்டார். ஒரு சாண் உயரத்தில் இருக்கும் கடிகாரம் தரையில் இருப்பதைவிட ஒரு பொட்டு வேகமாக ஓடுமாம், பூமியின் ஈர்ப்பு குறைவதால். அந்தப் பொட்டை இந்தக் கடிகாரங்களால் அளக்க முடியும். இன்னும் நுட்பமாகவும் விரைவாகவும் அளந்தால், நிலத்துக்கு அடியில் தண்ணீர் கூடுவதையும் குறைவதையும்கூட ஒருநாள் மேலிருந்தே அறியலாம் என்கிறாள் ஜசிந்தா. ஒருநாள் என்ற சொல்லை அழுத்திச் சொன்னாள். வாய்ச்சவடால் அவளுக்கு வராது.

மாமி அதுவரை சாப்பிடாமல் தட்டை வைத்துக்கொண்டிருந்தார். ஜசிந்தா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"கத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அம்மா."

"ஏன் மன்னிக்கோணும்? நீ கத்தினது சரி," என்றார் மாமி. "கோயில்ல நான் பாடேக்க ஆராவது கதைச்சா நானும் கத்துவன். அது என்ர இடம். இது உன்ர இடம்."

பிறகுதான் சோற்றைப் பிசைந்தார். ஜசிந்தா புல்லைப் பிடுங்கிக்கொண்டே குனிந்திருந்தாள், நிமிர இரண்டு நிமிடம் ஆனது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் எப்போதாவது இப்படித் திறந்துவிடும். அனுமதி பெரும்பாலும் இலவசம், ஆனால் இடம் சீக்கிரம் முடியும், அறிவிப்பு வந்த அன்றே பதியுங்கள். எங்களைப் போலக் கோச் பிடிக்காவிட்டால், சட்டனிலிருந்து கிங்ஸ்டனுக்கு 213 பேருந்து போகிறது. நான் போனபோது கட்டணம் 1.75 பவுண்டு, சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தோர்ண்டன் ஹீத்திலிருந்து ரயில் என்றால் கிளாப்ஹம் ஜங்ஷனில் மாற வேண்டும். மெத்தென்ற சப்பாத்து போடுங்கள், நிறைய நிற்க வேண்டும். இருமல் இருந்தால் இன்னொரு நாள் போங்கள். இயற்பியல் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அன்று வந்த நாற்பத்தொரு பேரில் பள்ளிக்கு அப்பால் இயற்பியல் படித்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கேட்கப்பட்ட நல்ல கேள்வியை ஒரு பாடகி கேட்டார்.

பதிவுப் படிவத்தில் எந்த மொழியில் விளக்கம் வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கலாம். இருந்தால் கூச்சப்படாமல் தமிழ் என்று போடுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முப்பது பேர் சேர்ந்தால் நடத்துகிறார்கள். விளக்குகிற பெண் கொஞ்சம் வேகமாகப் பேசுவாள், நிறுத்திக் கேட்டால் பொறுமையாகத் திரும்பச் சொல்வாள். உலகத்தின் மிகத் துல்லியமான கடிகாரங்களை இன்னும் துல்லியமாக்குகிறவர்களில் ஒருத்தி அவள். என் மச்சாள்.